நரி வராத கதை

போன வாரம் ஒரு மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. டிவி அணைந்ததும் என் கொள்ளுப்பேத்திக்கு வீட்டில் ஒரு கிழவன் இருப்பது நினைவுக்கு வந்தது. புதிதாக வாங்கிய கதைப் புத்தகத்தை என் மடியில் போட்டு, "படி தாத்தா" என்றாள். எனக்கு எழுத்துத் தெரிவதற்குக் கண்ணாடியும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும். ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து படித்தேன்.

வால் இல்லாத ஓர் அணிலின் கதை அது. மற்ற அணில்கள் அதைக் கேலி செய்கின்றன. அது மூலையில் உட்கார்ந்து அழுகிறது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு கழுகு வருகிறது. வால் இல்லாத அணில்தான் குறுகலான பொந்துக்குள் புகுந்து வழி கண்டுபிடித்து எல்லாரையும் காப்பாற்றுகிறது. கடைசிப் பக்கத்தில் எல்லா அணில்களும் அதைக் கட்டிக்கொள்கின்றன. கீழே கொட்டை எழுத்தில், 'நீ நீயாக இருந்தால் போதும்' என்று போட்டிருந்தது.

குழந்தைக்குத் திருப்தி. மின்சாரம் வந்ததும் ஓடிவிட்டாள். எனக்குத்தான் புத்தகத்தை மூட மனம் வரவில்லை. காப்பாற்றிய பிறகுதானே கட்டிக்கொண்டன? பிறகு 'நீயாக இருந்தால் போதும்' என்பது எப்படிச் சரியாகும்? இந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அறுபது வருடங்களுக்கு மேலாக இதை வைத்திருக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கேட்டது. அவளுக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

புதுப் புத்தகத்தின் மை வாசனை இருக்கிறதே, அதற்காக நான் ஏங்கிக் கிடந்த ஒரு காலம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன மறு வருடம் எனக்கு வேலை கிடைத்தது. வயது இருபது. பட்டணத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்ற மிதப்பு. பாகூர் கொம்யூன் வட்டாரத்தில், குருவிநத்தத்துக்கு அப்பால் ஆற்றோரமாக ஒரு சிற்றூரில் புதிதாகப் பள்ளி திறந்து என்னை வாத்தியாராகப் போட்டார்கள். கீற்றுக் கொட்டகை, ஒரு கரும்பலகை, முப்பது சொச்சம் பிள்ளைகள். பழைய பிரெஞ்சுப் பாடப் புத்தகங்களை எடுத்துப் போய்விட்டார்கள். தமிழ்ப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன, வந்து சேரவில்லை.

முதல் நாள் பளபளக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனேன். வரப்பில் ஒரு கால் வழுக்கி, முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. காலை எடுத்தேன், பூட்ஸ் வரவில்லை. பின்னால் வந்த பிள்ளைகளில் ஏழுமலை என்ற பையன் கையைவிட்டுத் துழாவி எடுத்து, உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டினான். ஒரு சின்ன வயல் நண்டும் சேர்ந்து விழுந்தது.

"இன்னா சார், அதுக்குள்ளாற குடி வெச்சிட்ட?" என்றான்.

அன்றைக்கே என் கௌரவம் போய்விட்டது. ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. அதன்பிறகு பிள்ளைகள் என்னோடு தாராளமாகப் பேசினார்கள்.

புத்தகம் இல்லாத வாத்தியார் என்ன செய்வான்? கதை சொன்னேன். கரும்பு ஆட்டும் பருவத்தில் பிற்பகலானால் ஆலைக் கொட்டகையிலிருந்து வெல்லப்பாகின் வாசனை காற்றில் வந்து பள்ளிக்குள் நிறைந்துவிடும். பிள்ளைகள் கணக்கைப் பார்க்காமல் மூக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு விலங்குக் கதைதான் தோது. ஆனால் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விலங்குக் கதை சொல்வது லேசான காரியம் இல்லை. தவளையும் பாம்பும் நண்பர்களாக இருந்தன என்று ஆரம்பித்தால், "எவ்ளோ நேரம் சார்?" என்பார்கள். பசு கன்றுக்குப் புத்தி சொன்னது என்றால், "எங்க வூட்டு மாடு சொல்லாது சார், முட்டும்" என்று ஒரு குரல் வரும். முனியம்மா என்று ஒரு பெண். அவள் மெதுவாகப் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், சத்தமாகப் பேசினால் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பதில் வரும். அவள்தான் எதிர்க்கட்சித் தலைவி.

இரண்டாம் வருடம் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா ஊர்க்காரர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவர். நம் பக்கத்தில் அப்படிப் போனவர்களைச் சொல்தா என்பார்கள். அங்கே சண்டை ஓய்ந்து எல்லாரும் திரும்பியபோது, அவர் அந்த ஊர் மனைவியோடும் மகளோடும் வந்து இறங்கினார். பதிவேட்டில் பெண்ணின் பெயர் இலட்சுமி. அம்மா கூப்பிடும் பெயர் லான். தமிழ் அப்பாவிடம் கற்றது. பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஏற்றத்தில் ஏறி இறக்கத்தில் இறங்கும். 'சார்' என்ற ஒற்றைச் சொல்லையே அவள் ஒரு சின்னப் பாட்டு மாதிரிச் சொல்வாள். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, பத்து நாள் பள்ளி முழுக்க 'சா-ஆ-ர்' என்று பாடினார்கள். நான் அதட்டினேன். அதட்டிக்கொண்டே சிரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அது மாறியது ஒரு சேவலால். ஒரு நாள் கதையில், "சேவல் கொக்கரக்கோ என்று கூவியது" என்றேன். லான் எழுந்து நின்றாள்.

"இல்ல சார். சேவல் ஓ-ஓ-ஓ."

"எந்தச் சேவல்?" என்றாள் முனியம்மா.

"எங்க ஊர்ச் சேவல்."

"அப்ப நாய்?"

"கௌ, கௌ."

"வாத்து?"

"காப், காப், காப்."

என் படிப்பைக் காட்ட இதுதான் சமயம் என்று, பிரெஞ்சு நாய் 'வாஃப், வாஃப்' என்று குரைக்கும் என்றேன். கொட்டகையே அதிர்ந்தது. அப்போது ஏழுமலை கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டான்: "சார், வெள்ளக்காரங்க வூட்டு நாய் இங்கியே தங்கிட்டா இன்னான்னு கொலைக்கும்?" அன்று பாடம் நடக்கவில்லை. தெருநாய் ஒன்றைக் கூட்டி வந்து வைத்து, அது லொள் என்கிறதா கௌ என்கிறதா என்று பஞ்சாயத்து நடந்தது. காது கொடுத்துக் கேட்டால் கௌ என்பதுதான் கிட்ட வருகிறது என்று தீர்ப்பு. அடுத்த வாரம் ஊர்ப் பிள்ளைகள் முழுக்க வாத்தைக் கண்டால் காப், காப் என்று கூப்பிட்டார்கள். வாத்துகளும் திரும்பிப் பார்த்தன.

அவளுடைய அம்மாவை ஊர் சைகோன்காரம்மா என்றது. வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்து எதிலாவது தூவிக்கொண்டே இருப்பார் போலும், லானின் புத்தகப் பையிலும் அந்த மணம் இருக்கும். அவருக்குத் தமிழ் வராது. கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். கணவர் விடிந்தால் அண்ணன்மாரோடு கழனிக்குப் போய்விடுவார். அந்த ஊரில் பகல் பொழுதில் அந்த அம்மாவோடு பேச மொழி வைத்திருந்த ஆள் நான் ஒருவன்தான். பெண்ணை அழைத்துப்போக வரும்போது வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். மழை வருமா, பெண் ஒழுங்காகப் படிக்கிறாளா, இங்கே துளசி மாதிரி ஒரு செடி இருக்கிறதே, அதைச் சாப்பிடலாமா. நானும் என் பிரெஞ்சு துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பேசுவேன். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான், கொம்யூனில் உள்ள பள்ளிகள் எல்லாம் சேர்ந்து பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு குழந்தைகள் விழா நடத்தப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். பள்ளிக்கொரு நிகழ்ச்சி. எனக்குள் ஒரு ஆசிரியன் இருந்தான், அதாவது நூலாசிரியன். அவன் துள்ளி எழுந்தான். இரண்டே நாளில் நாடகம் எழுதினேன்.

வரப்பில் விலங்குகள் எல்லாம் கூடும் ஒரு சபை. நேராக நடப்பவர்களுக்குத்தான் அங்கே இடம். நண்டு குறுக்கே நடக்கிறது, ஆகவே அதற்கு இடமில்லை. எருமை சிரிக்கிறது, கொக்கு சிரிக்கிறது, சேவல் சிரிக்கிறது. அப்போது ஒரு நரி வந்து எல்லாரையும் மிரட்டுகிறது. நண்டு பக்கவாட்டில் பாய்ந்து நரியின் காலைக் கவ்வுகிறது. நரி ஓடுகிறது. நண்டைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். எப்படி? எழுதிய அன்று எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்துவிட்டது.

நரி வேஷத்துக்குப் பதினோரு பேர் கை தூக்கினார்கள். அது ஏழுமலைக்குக் கிடைத்தது, கை தூக்காமலே ஊளையிட்டதால். நண்டுக்கு ஒருவரும் இல்லை. கடைசியில் லான் எழுந்து, பேசாமல் முழங்காலை அகட்டி, கைகளை மடக்கி உயர்த்தி, கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குறுக்கே நடந்து காட்டினாள். நடுவில் நின்று கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வயலில் ஆயிரம் நண்டு பார்த்தவர்கள் அவர்கள்.

முதுகுக்கு ஒரு முறம், கைகளுக்குத் தென்னம்பாளையில் கொடுக்கு. முறத்துக்குச் சிவப்புப் பூசலாம் என்றேன்.

"நண்டு எங்க சார் செவப்பா இருக்குது?" என்றாள் முனியம்மா. "கொழம்புல போட்டாதான் செவக்கும். அப்ப அது நடிக்காது."

சேற்றைக் குழைத்துப் பூசினோம்.

மூன்றாவது ஒத்திகையில் லான் கேட்டாள்.

"சார், நரி வரலன்னா?"

"வரலைன்னா?"

"நரி வரலன்னா, நண்ட சேத்துக்க மாட்டாங்களா?"

"நான் எப்டி வராம இருப்பேன்?" என்று ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒனக்குக் காச்சல் வந்துட்டா?" என்றாள் முனியம்மா.

"காச்சலோட வருவேன்டி."

"ஒங்க ஆயா வுட மாட்டாங்க. அப்ப நண்டு கெதி?"

எருமை வேஷக்காரன் கண்ணன், எப்போதும் நிதானமாக இருப்பவன், "கேக்கறது நாயந்தான சார்?" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பதில் தெரியாத வாத்தியார் செய்வதைச் செய்தேன்.

"நரி வராமல் கதை ஏது? உக்காரு."

உட்கார்ந்தாள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வரப்போகும் இன்ஸ்பெக்டர் உச்சரிப்பில் கண்டிப்பானவர் என்று காதில் விழுந்தது. புது ஆட்சி, புதுப் பள்ளி, தமிழில் முதல் விழா. நாயக வேஷம் போட்டிருக்கும் பெண் ஏற்ற இறக்கத்தோடு ராகம் போட்டுப் பேசினால் என்னை என்ன நினைப்பார்? கூட்டம் சிரித்தால்? அன்று ராத்திரி எனக்கு ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. மறுநாள் சொன்னேன்: "லான், நீ நடந்தா மட்டும் போதும். வசனத்தை முனியம்மா திரைக்குப் பின்னாலிருந்து சொல்லட்டும்."

முனியம்மாவுக்கே அது பிடிக்கவில்லை. "வாய் அசையாத நண்டா சார்?" என்றாள். நான் கேட்கவில்லை. லான் தலையாட்டினாள். அதுவரை ஒத்திகையில் அவள் நண்டாக இருந்தாள். அன்று முதல் முறத்தைக் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணாக மட்டும் இருந்தாள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா வந்தார். பிரெஞ்சில்தான் பேசினோம். "நாடகத்தில் தனக்குப் பேச்சு இல்லை என்கிறாள். உடம்பு ஏதாவது சரியில்லையா? வீட்டில் ஓயாமல் பேசுகிறவள்" என்றார். நான் மேடை, குரல், தூரம் என்று ஏதேதோ விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். விழாவுக்கு வர என்ன உடுத்தலாம் என்று கேட்டார். இங்கேதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "முன்னால் பெரிய மனிதர்கள் உட்காருவார்கள். நீங்கள் எல்லாருக்கும் பின்னால், வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். உங்களுக்கும் அதுதான் சௌகரியம்."

நல்ல இலக்கணத்தோடு, மிகுந்த மரியாதையோடு சொன்னேன். அவரைப் பார்க்கத் தலைகள் திரும்பினால் என் நாடகம் கெட்டுவிடும் என்பதுதான் காரணம். "சரி, முசியே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊரில் வீட்டுக்கு வெளியே அவரோடு பேச முடிந்த ஒரே ஆள், அந்தப் பேச்சை எதற்குப் பயன்படுத்தினான் பாருங்கள்.

விழாவன்று இரண்டு கூண்டில்லாத வண்டிகளில் போனோம். ஏழுமலை கோணித்துணி நரியாக ஊரிலேயே வேஷம் கட்டிவிட்டான். நார் வால் வண்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு வந்தது. விளைவு, வழியில் இருந்த ஒவ்வொரு ஊர் நாயும் எங்களைத் தன் எல்லைவரை துரத்திக்கொண்டு வந்து அடுத்த ஊர் நாயிடம் ஒப்படைத்தது. "கௌ! கௌ!" என்று பிள்ளைகள் பதில் கொடுத்தார்கள். வண்டிக்காரர் மாட்டை அடக்குவாரா, எங்களை அடக்குவாரா? இடையிடையே முன்வண்டியில் பிள்ளைகள் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். வசனம் பார்க்கிறார்கள் என்று நினைத்து மெச்சிக்கொண்டேன்.

மேடை என்பது பலகை அடுக்கி வேட்டி கட்டியது. ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று. நல்ல கூட்டம். இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள். எங்கள் முறை வந்தது. எருமை வந்தது, கொக்கு வந்தது, சேவல் வந்தது. நண்டு வந்ததும் கூட்டத்தில் ஒரு 'ஆ' எழுந்தது. திரைக்குப் பின்னாலிருந்து முனியம்மா செந்தமிழில் முழங்கினாள். எல்லாம் ஒழுங்காகப் போனது. நரி வர வேண்டிய இடம்.

நரி வரவில்லை.

திரும்பிப் பார்த்தால், என் நாற்காலிக்கு இரண்டடி தள்ளி, தரையில், வாலை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு நரி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தது. "போடா மேலே" என்று பல்லைக் கடித்தேன். தலையாட்டி மறுத்துவிட்டு இன்னொரு கடலையை உரித்தான். மேடையில் முனியம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, பலகை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சி" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

பிறகு லான், தன் குரலில், தன் ராகத்தில் சொன்னாள்.

"நரி வரல."

"வரமாட்டேன்!" என்றது என் பக்கத்திலிருந்து நரி. கூட்டம் சிரித்தது.

"வரலன்னா இன்னா?" என்றான் எருமைக் கண்ணன். "நீ வா, ஒக்காரு."

"எனக்கு நேரா நடக்க வராது."

"வராட்டி போவுது. டேய் கொக்கு, தள்ளிக்கடா. அவ குறுக்கால வரணுமில்ல? வழி வுடு."

"இன்னும் எவ்ளோடா தள்றது? வுழுந்துடுவேன்" என்றது கொக்கு. விழவும் விழுந்தது. மறுபடி ஏறிக்கொண்டது.

லான் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "நான் ஒண்ணுமே செய்யலியே."

கண்ணன் கொம்பைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் யோசித்தான். "நாங்க மட்டும் இன்னா செஞ்சிட்டோம்?" என்றான்.

இதை யாரும் அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அறுபது வருடம் ஏதேதோ எழுதிய நான் இந்த ஒரு வரிக்குச் சமமாக ஒன்று எழுதியதில்லை.

அப்போது லான் கூட்டத்துக்கு மேலாக, வண்டிகள் நின்ற பக்கம் பார்த்து, தன் அம்மாவின் மொழியில் ஏதோ ஒன்று சொன்னாள். ஒரே வாக்கியம். பிறகு அவள் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தாள். எருமை அவள் பின்னால் பக்கவாட்டில் நடந்தது. கொக்கு நடந்தது. சேவல் "ஓ-ஓ-ஓ" என்று கூவிக்கொண்டு நடந்தது. முனியம்மா சேர்ந்துகொண்டாள். நரி கடலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றது. மேடையிலிருந்து இறங்கி, பெரிய மனிதர்களின் நாற்காலிகளுக்கு முன்னால் குறுக்காகப் போய், கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எழுந்து சேர்ந்தார்கள். நூறு நண்டு இருக்கும். நேராகப் போனார்கள், பக்கவாட்டில் நடந்து, வண்டிகள் நின்ற இடத்துக்கு.

அங்கே கத்தரிப்பூ நிறப் புடவையைத் தப்பும் தவறுமாகக் கட்டிக்கொண்டு சைகோன்காரம்மா நின்றிருந்தார். லான் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் மறுத்தார். முனியம்மா பின்னாலிருந்து தள்ளினாள். "வா அத்த, ரொம்ப சுளுவு!" அவரும் குறுக்கே நடந்தார். நாலாவது அடியில் கொசுவம் அவிழ்ந்தது. இரண்டு உழவர் வீட்டுப் பெண்கள் ஓடிவந்து, சிரித்துக்கொண்டே அதைச் செருகிவிட்டுத் தாங்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். அந்த அம்மாவின் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நல்ல கணீர்ச் சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உச்சரிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "பிரமாதம். கதை யாருடையது?" என்றார்.

"என்னுடையதுதான் சார்" என்றேன்.

அந்த வரிசையில் போய் நான் சேரவில்லை. அந்த அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து போகும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தேன்.

கதையை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர். இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினால் ஒரு பக்கத்துக்குக்கூட வரவில்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. ஆகவே நரியை வரவழைத்தேன். நண்டைக் கவ்வ வைத்தேன். கடைசியில், 'ஒவ்வொருவரிடமும் ஒரு பயன் உண்டு' என்று ஒரு நீதியும் சேர்த்தேன். அது அச்சில் வந்தது, என் பெயரோடு. ரொம்ப வருடங்கள் துணைப்பாடத்திலும் இருந்தது. எனக்குப் பட்டணத்துக்கு மாற்றல் கிடைத்தது.

ஆட்சி மாற்றம் சட்டப்படி முழுமையான வருடத்தில், பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பிரெஞ்சு தெரிந்த வாத்தியார்கள் சிலரைப் படிவம் நிரப்ப உட்கார வைத்தார்கள். ஒரு நாள் காலை சொல்தா குடும்பம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றது. லானுக்குப் பதினைந்து வயது இருக்கும், என் உயரம் வந்துவிட்டாள். நான் எழுந்து அவள் அம்மாவிடம் பிரெஞ்சில் நலம் விசாரித்தேன்.

"இன்னா சார், இப்டி எளச்சிப் போயிட்டீங்க? வூட்ல சோறு போடறாங்களா இல்லியா?" என்றார் அவர், அசல் பாகூர்த் தமிழில். "தமிழ்லயே பேசுங்க சார். அங்க போனா எப்பவும் அந்தப் பேச்சுதான?"

முனியம்மாவிடம் கற்றுக்கொண்டதாம். குரலே சொன்னது.

எனக்கு அவர்களிடம் பெருமையடித்துக்கொள்ளத் தோன்றியது, பாருங்கள். மேஜை இழுப்பறையில் அந்தப் புத்தகப் பிரதி இருந்தது. எடுத்து லானிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். பிறகு நிமிர்ந்தாள்.

"நரி வந்துடுச்சா சார்?"

"இல்லம்மா, கதைன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"பரவால்ல சார்." இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். கோபம் இல்லை. ஒத்திகையில் உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தாளே, அதே மாதிரி.

மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு மொழி இருந்தது. எந்த மொழியில் கேட்டாலும் அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கும். நான் படிவத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தை நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். சில மாதங்களில் கப்பலேறிப் போனார்கள் என்று கேள்வி.

அதன்பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மேடையில் லான் அம்மாவைப் பார்த்துச் சொன்ன வாக்கியத்துக்குப் பொருள் என்ன என்று அன்று படிவ மேஜையிலாவது கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. ஏரிக்கரையில் நாங்கள் மேடை கட்டிய இடம் எது என்று இப்போது போனால் என்னால் அடையாளம் காட்ட முடியாது. கண்ணன் போய்விட்டான். ஏழுமலை போய்விட்டான்.

முனியம்மா இருக்கிறாள். கரிக்கலாம்பாக்கத்தில் மகன் வீட்டில். போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். தொண்டை மட்டும் அப்படியே இருந்தது. "நண்டு நாடகம் நினைவிருக்கா முனியம்மா?" என்றேன்.

"இல்லாம? நாந்தான குரல் குடுத்தேன்."

"ஏழுமலை என்ன செய்தான்?"

"இன்னா செஞ்சான், நரியா வந்தான். நண்டு கால புடிச்சி ஒரே கவ்வா கவ்விச்சி. எம் புள்ளைங்களுக்கெல்லாம் புஸ்தகத்துல பாடமா இருந்துச்சே, நான்தான அதுங்களுக்குப் படிச்சிக் காட்டுவேன்."

"இல்ல முனியம்மா. நரி வரவே இல்லை. நீங்கதான் சேர்ந்து வரவிடாம செஞ்சீங்க."

அவள் என்னை ஒரு நிமிடம் பரிவோடு பார்த்தாள். வயதாகிவிட்டது பாவம் என்று நினைத்திருப்பாள்.

"வந்துச்சி சார்" என்றாள். "நீங்கதான எழுதனீங்க?"